பதினொன்றாவது விமானம்

ரேடார் திரை மீண்டும் இருண்டது. விமானங்கள் கடைசியாகத் தெரிந்த புள்ளிகளில் சுகிர்தா விரல்களை ஊன்றிக்கொண்டாள். கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் இப்போது அதுதான் பழக்கம். வானத்தில் பதினொரு விமானங்கள் இருந்தன.

மேலதிகாரி பரஞ்சோதி பதிவேட்டில் ‘பழுது ஏதுமில்லை’ என்று எழுதத் தொடங்கினார்.

“இந்த வாரத்துல நாலாவது தடவை சார். இன்னுமா பழுதில்ல?”

“ஒரு நிமிஷத்துல வந்துரும்மா. பழுதுன்னு எழுதினா மேல விளக்கம் கேப்பாங்க.”

“அப்போ பேனாவை வச்சுட்டு இங்க வாங்க. எனக்கு ஒரு விரல் பத்தல.”

அவர் சிரித்தபடியே அவள் காட்டிய இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

“நூத்தியெண்பது பேர் சார். எடுத்துராதீங்க.”

ஒரு நிமிடம் கடந்தது. திரை வெளிச்சமாகவில்லை. குளிரூட்டிய அறையில் அவர் விரல் வியர்த்து, கண்ணாடியில் மெல்ல வழுக்கத் தொடங்கியது.