விறகுத் தொட்டி

மகனுக்கு முப்பதாம் நாள் பூசை கூட ஆகவில்லை. அதற்குள் சவரிராயன் உலையை மூட்டிவிட்டான்.

அதுவும் எதற்கு? மகனைக் கொன்ற அதே டிராக்டருக்கு, விறகு ஏற்றத் தொட்டி செய்து கொடுக்க.

வூட்டுக்குப் பின்புறம்தான் பட்டறை. சுத்தியல் விழ விழ, அவன் மனைவி மதலேனம்மாள் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பட்டாளத்துச் சாமான்கள் பெங்களூரில் ஏலத்துக்கு வந்தன. காண்ட்ராக்டர் கிருஷ்ணப்பன் ஒரு பழைய டிராக்டரைப் பிடித்துக்கொண்டு வந்தான். சித்தேரி மலைச் சரிவில், பள்ளத்தில் வெட்டிப் போட்ட விறகை மேட்டு ரோட்டுக்கு ஏற்ற அது வேண்டியிருந்தது. வண்டியின் பின்பக்கத்தோடு போல்ட் போட்டு மாட்டிய ஓர் இரும்புத் தொட்டி. அது நிறைய விறகு.

ஓட்டியவன் அருள்சாமி. ஒரே மகன். இருபத்திரண்டு வயது. கம்பைநல்லூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

அன்றைக்கு விறகோடு மேடு ஏறும்போது முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. பார்த்தவர்கள் கத்துவதற்குள் வண்டி அப்படியே பின்னால் மல்லாந்தது. அடியில் அருள்சாமி.

"வண்டி ராசியில்லாதது" என்றது ஊர். மதலேனம்மாள் காண்ட்ராக்டரைச் சபித்தாள். சவரிராயன் மட்டும் வாயே திறக்கவில்லை.

இப்போது ஊர் வேறு மாதிரி பேசியது.

"கெணத்தடியில ஒரே பேச்சா இருக்குது மதலேனா," என்றாள் பக்கத்து வூட்டுக் குள்ளம்மாள். "பெத்த புள்ளையவிடக் கூலி பெருசாப் போச்சாம் உம் புருசனுக்கு."

மதலேனம்மாள் மனசிலும் அதேதான் கிடந்தது.

மத்தியானம் களியை வட்டிலில் போட்டுக் கொண்டுபோய்ப் பட்டறை வாசலில் வைப்பாள். முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள். சாயங்காலம் எடுக்கப் போனால் பாதிக் களி அப்படியே காய்ந்து கிடக்கும்.

நான்காம் நாள் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏய்யா, ஊர்ல நீ ஒருத்தன்தான் கொல்லனா? அந்தச் சனியனுக்கு வேற எவனாச்சும் தொட்டி செய்யட்டுமே!"

அவன் ஒரு தார் டிரம்மைப் பிளந்து, தகடாகத் தட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"நாந்தான் செய்யணும்."

"எவ்வளவு தர்றான்? எம்புள்ள உசுருக்கு எவ்வளவு வெலை போட்டான்?"

சுத்தியல் நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் சுத்தியல்தான் பேசியது.

அன்றிலிருந்து அவள் களியும் கொண்டுபோகவில்லை.

தொட்டி முடிந்தது. அதன் அடியில் முழுத் தகடு இல்லை. மெல்லிய கம்பிகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருந்தான். பக்கங்களுக்கு டிரம் தகடு. வளையாமலிருக்க ஓரத்தை மடித்து, நடுவில் வரி வரியாகத் தட்டியிருந்தான். வேண்டாத இரும்பு ஒரு பொட்டுக் கூட அதில் இல்லை.

சனிக்கிழமை காலையில் டிராக்டர் வந்து வாசலில் நின்றது. கிருஷ்ணப்பன் இறங்கினான். ஓட்டி வந்தவன் மாதேஸ், அதே ஊர்த் தீர்த்தம்மாளின் மகன். மகன் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி மகனைப் பார்த்ததும் மதலேனம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

தலைமுடி அவிழ வெளியே ஓடிவந்தாள். குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள்.

"நாசமாப் போவீங்கடா! எம்புள்ளயத் தின்னது பத்தாதா? கூலி குடுக்கறவனும் வெளங்க மாட்டான், கை நீட்டி வாங்கறவனும் வெளங்க மாட்டான்!"

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, என்னைய எதுக்குச் சபிக்கிற? நானா தொட்டி கேட்டேன்? பழசுக்கு ஒரு நசுங்கல் கூட இல்ல, அதையே மாட்டிக்கிறேன்னேன். உம் புருசன்தான் என் வூட்டு வாசல்ல வந்து கெடந்தான். 'அத மாட்டாதீங்க, வேற செஞ்சு தர்றேன், கூலி வேணாம், இரும்பும் என்னோடது'ன்னு கால்ல விழுந்தான். சும்மா வருதே, வேணாங்கறதா?"

அவள் கையிலிருந்த மண் விரலிடுக்கில் வழிந்தது.

"மெய்தானுங்க ஆத்தா," என்றான் மாதேஸ் மெதுவாக. "நானும் அங்கதான் இருந்தேனுங்க."

சவரிராயனும் மாதேஸும் இரண்டு பேராகவே தொட்டியைத் தூக்கி மாட்டினார்கள். சவரிராயன் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தான். "மேட்டுல பாத்து ஏத்து சாமி" என்றான். டிராக்டர் கிளம்பிப் போனது.

மதலேனம்மாள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஊரே காறித் துப்புச்சே! நானும்தானே பேசக் கூடாததெல்லாம் பேசுனேன்... இத ஏய்யா எங்கிட்டச் சொல்லல?"

அவன் அவளைப் பார்க்கவில்லை.

"சொன்னா, பழச ஏன் மாட்டக் கூடாதுன்னு நீ கேப்பியே மதலேனா. எம்புள்ள ஓட்டற வண்டியாச்சே, உறுதியா இருக்கட்டும்னு இருக்கறதுலயே கனமான தகடாப் பாத்துப் பாத்து அத அடிச்சவன் நாந்தானே! அந்தக் கனந்தானே வண்டியப் பின்னால சாய்ச்சுது..."