மூணுல ஒண்ணு

எந்தப் போனிலும் ஓடக்கூடிய செயலிகளைச் செய்யும் ஓர் அலுவலகத்தில், எல்லாருடைய நிரல்களும் ஒரே களஞ்சியத்தில் கிடந்தன. யார் நிரலின் எந்த வரியை மாற்றினாலும், அங்கிருந்த கம்ப்யூட்டர் மொத்தத்தையும் சேர்த்துப் புதிதாகச் செயலியாக்கி, மேசைமேல் செருகியிருந்த பழைய போனில் ஓடவிட்டுப் பார்க்கும். ஓடினால் பச்சை விளக்கு, ஓடாவிட்டால் சிவப்பு.

அன்று ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலி ஒன்றில், கம்ப்யூட்டர் ‘அனுப்பு’ பொத்தானைத் தொட்டதுமே போன் உறைந்துபோனது.

“இன்னொரு தடவை,” என்றது கம்ப்யூட்டர். மறுபடியும் உறைந்தது. மூன்றாம் தடவை எப்படியோ ஓடிவிட்டது. உடனே பச்சை விளக்கு எரிந்தது.

“யோவ், ரெண்டு தடவை உறைஞ்சேனே, அது உன் கண்ணுல படலையா?” என்று கத்தியது போன்.

“மூணுல ஒண்ணு ஓடினா பச்சை. இங்க அதுதான் வழக்கம். நீ பழசு, உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு.”

“என்னை மாதிரிப் பழசைத்தான்யா ஊர்ல பாதிப் பேர் வச்சிருக்காங்க! ஆம்புலன்ஸ் கூப்பிட அழுத்தும்போது உறைஞ்சா, அவங்க மூணு தடவை செத்துப் பார்ப்பாங்களா?”

கம்ப்யூட்டர் செயலியை வெளியே அனுப்பிவிட்டது.

மறுவாரம் கம்ப்யூட்டரின் விசிறி நின்றது. அது சூடேறி அணைந்தது. பொறியாளர் ஷாகுல் வந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், இரண்டு தடவையும் அணைந்தது. மூன்றாம் தடவை எழுந்தது. “சரியாயிடுச்சு,” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

“சார், போகாதீங்க! விசிறி சுத்தலை, உள்ள எரியுது!” என்று அலறியது கம்ப்யூட்டர்.

“எதுக்குய்யா கத்துற? மூணுல ஒண்ணு எழுந்துட்டியே,” என்ற போன், விரிசல் விட்ட தன் திரை முழுவதையும் பச்சையாக்கிக் காட்டியது.