முழு ஃபோல்டருக்கும் ஒரே மூக்கு

"மூக்கைச் சீவியாச்சுக்கா. கன்னத்தைச் சுரண்டி விட்டுட்டேன்."

"தாடை?"

"அதையும் ரெண்டு பக்கமும் வெட்டியாச்சு. கண்ணை லேசா இழுத்து விட்டேன், பெரிசாயிடுச்சு."

"ஒருத்தியைத்தானேடா முடிச்சிருக்கே? மிச்சம் அத்தனை பேரும் அப்படியே கிடக்காங்க. அந்த அம்மா இப்ப வந்துடுவாங்க!"

"இவளுக்குப் பண்ணதையே எல்லாருக்கும் பண்ணிடறேன். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

பயப்பட வேண்டாம். அது ஆஸ்பத்திரியும் இல்லை, கசாப்புக் கடையும் இல்லை. ஒரு கல்யாணத் தகவல் மையத்தின் பின்னறை. அக்கா அந்த மையத்தின் முதலாளி. சீவியவன் அங்கே புகைப்படங்களைத் திருத்தும் எடிட்டர்.

"ஒரு படத்துல நான் செய்யற ஒவ்வொண்ணையும் சாஃப்ட்வேர் பதிவு பண்ணி வச்சுக்கும். அதுக்குப் பேரு ஆக்‌ஷன்" என்று அவன் விளக்கினான். "அப்புறம் ஃபோல்டரைக் காட்டி, பேட்ச்னு ஒரு அழுத்து அழுத்தினா போதும். அதுவே ஒவ்வொரு படமா திறந்து, திருத்தி, மூடிடும்."

"எல்லார் மூஞ்சியும் ஒண்ணாடா?"

"சாஃப்ட்வேருக்கு ஒண்ணுதான்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த மாப்பிள்ளையோட அம்மா இதுவரைக்கும் ஒரு பொண்ணைக்கூடப் பிடிச்சிருக்குன்னு சொன்னதில்லை. உன் போட்டோவெல்லாம் அடையாள அட்டை மாதிரி இருக்குன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. இன்னிக்கும் ஒருத்தியும் பிடிக்கலைன்னா, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

எடிட்டர் கும்பிடாத குறையாகப் பொத்தானை அழுத்தினான். படங்கள் தாமாகத் திறந்து, ஒரு முறை மினுங்கி, மூடிக்கொண்டன. மச்சங்கள் உதிர்ந்தன, அம்மைத் தழும்புகள் ஆவியாயின. நெடுங்காலம் அலை உருட்டிய கூழாங்கற்களைப் போல எல்லா முகங்களும் வழவழவென்று கரை ஒதுங்கின. அந்த ஃபோல்டரில் தவறி விழுந்திருந்த வாட்ச்மேனும் மணப்பெண் களையோடு வெளியே வந்தார்.

"என் போட்டோவும் இதுக்குள்ள இருக்கேடா!"

"அழிச்சிடவாக்கா?"

அக்கா திரையில் தன்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா வந்ததும் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். திரையில் முகங்கள் நகர ஆரம்பித்ததும் அவருடைய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இத்தனை நாளா இவங்களையெல்லாம் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"எல்லாம் புதுசா வந்த வரன்தாம்மா" என்று அக்கா கூசாமல் சொன்னார்.

ஒரு முகத்தில் அந்த அம்மாவின் விரல் நின்றது. எடிட்டருக்கு மூச்சும் அங்கேயே நின்றது.

"இவதான். இவளேதான். இப்படி ஒரு முகத்தைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். இவ பேரென்ன?"

"ரெண்டு பக்கமும் பேசிப் பிடிச்சாத்தான் பேரு சொல்லுவோம். அதுவரைக்கும் வெறும் பதிவு நம்பர்தான்" என்றார் அக்கா. "நேத்துதான் பதிவு பண்ணினாங்க. இவங்களுக்கும் உங்க பையன் மாதிரியே ரெண்டாவது கல்யாணம்."

"இருக்கட்டுமே! இவ்வளவு லட்சணமான பொண்ணை எவன் விட்டான்?"

"புருஷன் தங்கம்தானாம். மாமியாருக்குத்தான் இவங்க மூஞ்சியே பிடிக்கலையாம். எதிர்ல வந்தாலே முகத்தைத் திருப்பிக்குவாங்களாம்."

"இந்த மூஞ்சியையா?" அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பொம்பளைக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? இப்படியும் ஒரு ஜென்மமா!"

"எதுக்கும் பையன்கிட்ட ஒரு தடவை படத்தைக் காட்டிடலாமே?"

"அவன் எதுக்கு? போன தடவை அவனா பார்த்துக் கட்டிக்கிட்டு வந்த லட்சணம் போதாதா? இந்தத் தடவை நான் பார்க்கறதுதான். முதல்ல போனைப் போடுங்க."

எடிட்டர் சுவரில் சாய்ந்து நன்றாக மூச்சு விட்டான். வேலை பிழைத்தது. அந்த ஆக்‌ஷனுக்கு 'ராசி' என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொண்டான்.

அக்கா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் மணி அடித்து ஓய்ந்து, மெல்லிய குரலில் ஒரு "ஹலோ" வந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கண்ணு, உன் போட்டோவைப் பார்த்தேன். பார்த்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். இனிமே உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. உனக்கு மாமியாரா வரப்போறவதாம்மா பேசறேன்."

அந்த அம்மா போனை வாய்க்கு இன்னும் அருகே கொண்டுபோனார்.

"வெட்கமா? எங்க வீட்டுல நீ மகராணி மாதிரி இருக்கலாம். உனக்கு என்ன வேணும், சொல்லு. கூச்சப்படாம கேளு."

அந்தக் குரல் நிதானமாகக் கேட்டது:

"அத்தை, என் துணிப்பெட்டி இன்னும் உங்க வீட்டு மாடியிலதான் கிடக்கு. அதையாவது அனுப்பி வைக்கிறீங்களா?"