பக்கச் சுவர்

“பூனைக்காகவாய்யா நீலப் பெயின்ட் அடிச்சே?”

தெருச் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் தையல்காரர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

“பூனையைத் தவிர அந்தச் சந்துக்குள்ள யாரும் போறதில்ல சார்னு சொன்னேன். முன்பக்கம் நீங்க சொன்ன மஞ்சள்தானே அடிச்சிருக்கு?”

“பக்கச் சுவரு?”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நாளைக்கு நகராட்சிக் கமிட்டி வருகிறது. பழைய நகரத்திலேயே அழகான தெரு எது என்று பார்த்து, அதன் முனையில் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். இந்தத் தெருவுக்கு அடையாளமே மஞ்சள்தான் என்று முடிவு செய்து, வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சியும் மிரட்டியும் எல்லாச் சுவரையும் மஞ்சளாக்கியவர் தலைவர். அந்தக் காலத்திலிருந்தே மஞ்சள்தான் என்று சங்கக் கூட்டத்தில் பழைய போட்டோவைக் காட்டி நிரூபித்தார். போட்டோ கறுப்பு வெள்ளை என்று எடுத்துச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

அவ்வளவு பாடுபட்டும், தன் வீட்டுக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள்ளேயே ஒரு நீலச் சுவர்! சிலிண்டர் போட வந்தவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதால் தெரிந்தது.

“ஊரோட மானம்யா இது. கமிட்டிக்காரன் சந்துக்குள்ள எட்டிப் பார்த்தா என் மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்கிறது?”

“ஒருத்தர் ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டார் சார். யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“யாரோ கேட்டாராம், இவரு அடிச்சாராம்! காது குத்தாதே. உன் வீட்டு ஓனர் எனக்கு வேண்டியவர்தான். ஒரு வார்த்தை சொன்னா அடுத்த மாசம் நீ மெஷினைத் தூக்கிக்கிட்டு வேற தெரு பார்க்கணும், தெரியுமில்ல?”

தையல்காரரின் மனைவி உள்ளேயிருந்து பதறி ஓடி வந்தாள்.

“சொல்லித் தொலைங்களேன்! நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?”

தையல்காரர் துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, மறுபடி அங்கேயே குத்தினார்.

“நீ அழிக்க வேண்டாம். நானே அழிச்சுக்கறேன்” என்று தலைவர் விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தார். மிச்சம் இருந்த மஞ்சள் வாளியையும் பிரஷ்ஷையும் தூக்கினார். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி. “மாமா கட்டிலை ஜன்னல் பக்கமாத் திருப்பிப் போடணும்னு உங்ககிட்ட எத்தனை தரம் சொன்னேன்? கடைசியில நானே இழுத்துப் போட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.”

“தெருவே என் தலையில கிடக்கு. இதுல கட்டில் ஒரு கேடா?”

“அவருகிட்ட ஒரு வார்த்தையாவது பேசிட்டுப் போங்களேன்.”

“கமிட்டி வந்துட்டுப் போகட்டும்.”

சந்து ஒடுக்கமாக இருந்தது. பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போக முடிந்தது. பாதி தூரத்தில் அந்த நீலம். மேலிருந்து கீழ்வரை திட்டு இல்லாமல், விளிம்பு பிசகாமல் அடித்திருந்தது. யாரும் பார்க்காத சுவருக்கு இத்தனை சிரத்தையா? தலைவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பிரஷ்ஷை முக்கி ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். நீலத்தின் நடுவில் மஞ்சள் வழிந்தது.

“யாரு, தையல்காரத் தம்பியா?”

தலைவரின் கை அப்படியே நின்றது.

அப்பாவின் குரல். முதுகுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், தன் வீட்டுப் பின்னறை ஜன்னல். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“கண்ணு மங்கிப்போச்சுப்பா. ஆள் அடையாளம் தெரியல. ஆனா அந்த நீலம் மட்டும் பளிச்சுனு தெரியுது. இந்த வீட்டுக்கு என் சம்சாரம் ஆசையா அடிக்கச் சொன்ன நீலம். போய்ச் சேர்ற வரைக்கும் மாத்த விடல. பையன் மஞ்சளாக்கினதும் வேற யார் வீட்லயோ படுத்துக் கிடக்கற மாதிரியே இருந்துச்சு. நல்லவேளை, நான் கேட்டேன்னு நீ அடிச்சுக் குடுத்தே.”

தலைவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. தலையில் சுற்றியிருந்த துண்டின் நுனியால் அந்த மஞ்சளை அவசர அவசரமாகத் துடைத்தார். அது இன்னும் அகலமாக அப்பிக்கொண்டது.

“ஏம்பா பேச மாட்டேங்கறே? என் பையன் பார்த்துடுவான்னு பயமா?”

அப்பா ரகசியம் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பயப்படாதே தம்பி. அவன் இந்த ரூம் பக்கமே வர்றதில்ல.”