வெயிலில் வளைந்தது

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா?"

"எங்கிட்டயே இருக்கட்டும் பாப்பா. அடுத்த வாரம் வந்தா விளையாடலாம்ல."

"கார்லயா வெக்கறது? வெயில்ல வளைஞ்சிடாதா?"

"வளையறதுக்கு இது என்ன அப்பளமா?"

போன சனிக்கிழமை அவன் அப்படித்தான் சொன்னான். மகளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதான் என்று வாரம் முழுவதும் தனக்குத்தானே சாதித்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்த அப்பளம் அவன் மடியில் இருக்கிறது.

நடுவில் உப்பி, இரண்டு ஓரமும் கீழே தொங்கிப்போன கையடக்க வீடியோ கேம். திரை ஒரு பக்கம் பெயர்ந்து நிற்கிறது. பொத்தான்களில் ஒன்று உள்ளே போனது வெளியே வரவில்லை.

நேற்று மத்தியானம் சவாரிக்கு வந்தவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை காத்துக் கிடந்தான். வேலூரில் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் வேப்பமரத்தடியில் ஒதுங்கினான்.

கார் வெயிலில் நின்றது. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தான், பத்திரமாக.

காலையில் மொபைல் கடைக்கு ஓடினான். கடைக்காரர் கையில் வாங்கிய வேகத்திலேயே மேசைமேல் வைத்துவிட்டார்.

"பேட்டரி உப்பிருச்சுண்ணே. சார்ஜு கீர்ஜு போட்டுடாதீங்க, வெடிச்சிடும். பசங்களுக்கு வேற எதுனா வாங்கிக் குடுத்து சமாளிங்க."

வேறு எதைக் கொடுத்து?

குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை. சுவரில் யானை, முயல். ஒரு கால் உடைந்த மரக்குதிரை. சேர்ந்து வாழாத அப்பாக்கள் வாரம் ஒருமுறை இங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் உத்தரவு. பேச வேண்டும் என்று பிள்ளைக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

ஆரம்பத்தில் மிதுளா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நேரம் முடிவதற்கு முன்பே அம்மாவிடம் ஓடிவிடுவாள். வெளியில் போய் அழுவதும் அவனுக்குக் கேட்கும்.

கேம் வந்த பிறகுதான் கடைசி நிமிடம்வரை இருக்கத் தொடங்கினாள்.

அவள் குனிந்து விளையாடுவாள். அவன் அவளுடைய வகிட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வாரம் கோணலாக இருக்கும், ஒரு வாரம் நேராக இருக்கும். கோணலாக இருந்தால், தானே வாரிக்கொண்டாள் போலிருக்கிறது, அம்மாவுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். மகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்த செய்தி அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கலாம். அங்கே மின்விசிறிக்குக் கீழே, அவள் தலையணைப் பக்கத்தில், சில்லென்று இருந்திருக்கும்.

கொடுத்தால் வரமாட்டாளே.

மிதுளா வந்தாள். உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

மறைக்க அவனுக்குத் தெம்பு இல்லை. மடியில் இருந்ததை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"ஆன் பண்ணிடாத."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிளந்த விளிம்பில் சிவப்பாக ஏதோ இளகி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"இதுல எதுக்குக் குங்குமம்?"

நீ என்றும் இல்லை, நீங்க என்றும் இல்லை. அவள் அவனிடம் பேசும் வாக்கியங்கள் எல்லாமே இப்படித்தான், ஆளில்லாமல் இருக்கும்.

என்னவென்று சொல்வான்? அவன் தங்கியிருக்கும் அறையில் மூன்று பேர். அங்கே வைத்தால் யார் கையாவது படும். காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன அம்மன் சிலை உண்டு. தினமும் காலையில் அம்மனுக்குப் பொட்டு வைப்பான். அம்மன் காலடியில் இருக்கும் கேமுக்கும் ஒரு பொட்டு வைப்பான். மகளைக் கூட்டிவருவது அதுதானே. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்தான்.

உச்சி வெயில் நேராக விழும் இடமும் அதுதான்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா எட்டிப் பார்த்தாள். "என்னாப்பா, இன்னிக்கு சத்தமே காணோம். கேம் பொட்டி அவுட்டா?"

அவன் சிரித்து வைத்தான்.

மிதுளா அதைப் பாயின் மேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். வளைந்த அது ஒருமுறை ஆடி நின்றது.

பிறகு எழுந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் அவள் அம்மாவின் முதுகு தெரிந்தது. மிதுளா ஒரு குரல் கொடுத்தால் போதும், அம்மா திரும்பிவிடுவாள். இன்றைக்குப் போனால் அடுத்த சனிக்கிழமை மகள் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவள் கதவருகே போய்விட்டாள்.

பொம்மை, சாக்லேட், கேம் என்று இத்தனை நாளும் எதையாவது முன்னால் நீட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்த ஒன்று வாய்க்கு வந்துவிட்டது.

"மிதுளா."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"ஒண்ணும் விளையாட வேணாம்மா. சும்மா... அப்பாகூட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கியா?"