குவித்து அளந்த இருபது படி

"இந்த அரிசி அடுப்புல ஏறக் கூடாது."

அண்ணாதுரை துண்டை உதறிக் கையைத் துடைத்துக்கொண்டார். சாக்கடையில் கை வைத்துவிட்ட மாதிரி அவருக்கு அருவருப்பாக இருந்தது.

சேர்வராயன் கோயில் திருவிழாவின் அன்னதானப் பொறுப்பு இரண்டு தலைமுறையாக அவர் குடும்பத்துடையது. சேலத்திலிருந்து வந்த சமையல்காரர் எல்லாவற்றையும் கிலோவில் கேட்டதால், இந்த வருடம்தான் தராசு வந்தது. படி அரிசிக்கு ஒன்றரைக் கிலோ என்று கமிட்டியில் முடிவு செய்திருந்தார்கள்.

பொன்னாயி கொண்டுவந்தது இருபது படி. முப்பது கிலோ நிற்க வேண்டிய இடத்தில் இருபத்து நான்குதான் நின்றது.

"அரிசிக்கு அரிசி எடை கொஞ்சம் முன்னப்பின்ன வருமுங்க" என்றாள் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்த சசிரேகா.

"ஆறு கிலோவா வரும்?"

"சாமிக்குன்னு குவிச்சுக் குவிச்சுத்தானுங்க அளந்தேன்" என்றாள் பொன்னாயி. அவளுக்கு எழுபது வயது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே கூன் விழுந்தவள். "பேத்தி பொழச்சு எந்திரிச்சதுக்கு வேண்டுதலுங்க. இத போயித் தள்ளி வெக்கறீங்களே!"

கோயிலில் அளந்து காட்டவேண்டும் என்பதால் பித்தளைப் படியையும் கொண்டுவந்திருந்தாள். சசிரேகா ஒரு கரண்டிக் காம்பை அதற்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு அதே காம்பை வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தாள். மூன்று விரற்கடை வித்தியாசம்.

"உள்ளார அடியில இன்னொரு தகடு வெச்சு ஈயத்தால பத்த வெச்சிருக்குதுங்க" என்றாள் மெதுவாக.

கூட்டம் கிசுகிசுத்தது. பொன்னாயி படியை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினாள். அவள் முகம் வெளுத்தது.

"கடவுளுக்கே கள்ளப்படியா!" அண்ணாதுரை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எங்கய்யன் இந்த எஸ்டேட்டுல கங்காணி. சனிக்கெழமயானா நூறு குடும்பத்துக்குத் தன் கையாலயே கூலி அரிசி அளந்தவரு. ஒரு மணி கொறஞ்சுதுன்னு ஒரு நாக்கு பேசியிருக்குமா? அந்தக் கையி தொட்ட கோயிலுங்க இது!"



"ஐயா, அவங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்..." என்று இழுத்தாள் சசிரேகா.

"தெரியாம வந்துருமா? தகடு தானா மொளைக்குமா?" பொன்னாயி பக்கம் திரும்பினார். "நாலு பேருக்கு முன்னால சொல்லு. எந்தத் திருட்டுப் பயகிட்ட வாங்கின இந்தப் படிய? அவன் பேரு தெரியணும். அவன் குடும்பமே இந்தக் கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

பொன்னாயி இன்னும் படியின் உள்ளேயே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. உதடுகள் எதையோ கூட்டிக் கழித்து முணுமுணுத்தன. பிறகு தலை நிமிர்ந்தாள்.

"வெல குடுத்து வாங்கலீங்க. அரிசிக் கூலிய நிறுத்திக் காசாக் குடுக்க ஆரம்பிச்சப்ப, எங்கப்பன் கேட்டாருன்னு உங்கய்யன் எங்களுக்கு அளந்த படியவே குடுத்தாருங்க. அதுதானுங்க இது."