ஜன்னலைத் திறக்கலாமா

அந்த அலுவலகத்தில் ஆவுடையப்பன் ஜெர்மன் மொழியில் தடுமாறாமல் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்றுதான் இருந்தது: "நான் ஜன்னலைத் திறக்கலாமா?" கட்டட வரைபடம் போடுகிறவன் அவன், வேலையெல்லாம் மின்னஞ்சலிலேயே வந்துவிடும், யாரும் அவனோடு பேச வேண்டியிருக்காது. அதனால் தினமும் பத்து மணிக்கு எழுந்து நின்று, வார்த்தைகளை ஒருமுறை மனதுக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டு, அனுமதி கேட்பான். உடன் வேலை செய்யும் ஐந்து பேரும் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, "தாராளமாக" என்பார்கள். எதிர் மேசை ஹெல்கா சிரிக்கவும் செய்வாள். வெளியே பனி கொட்டும். அவனுக்குக் குளிர் ஆகாது. ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பான்.

"எலே, அங்க உங்கிட்ட யாராச்சும் பேசுதாங்களா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போனில் கேட்பாள்.

"டெய்லி பேசுதாங்கக்கா."

"நீயா? இங்கனயே நாலு வார்த்த பேச மாட்டியே!"

ஒரு திங்கட்கிழமை அவன் எழுந்ததுமே ஹெல்கா கையமர்த்தினாள். "இனிமேல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் என்ன விருந்தாளியா? வேண்டும்போது திறந்துகொள்ளுங்கள்." மற்றவர்களும் அன்பாகத் தலையசைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார்கள். அவன் போய்த் திறந்தான். யாரும் நிமிரவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை தான் தங்கியிருந்த அறைக்கு வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஜன்னலருகே போனான். கைப்பிடியைப் பற்றியபடி திரும்பி, காலி அறையைப் பார்த்து, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அந்த வாக்கியத்தைச் சொன்னான். பிறகு, திறக்காமல் நின்றுகொண்டிருந்தான்.